முன்சீட்டில் இருந்தால்தான் நான் சௌந்திரம்

14-6-1943, திங்கள்

இன்றும் காலைப் பலகாரம் ஆனதும் கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். நானும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டிக்கு டயர் இல்லை. கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருக்கிறது. பெட்ரோலைக் கண்ணால் பார்த்து இரண்டு வருஷம். ஆனால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கால் மணியில் மல்லூர் தாண்டிவிடும்.

"சௌந்திரம், சீலைத் தலைப்பை உள்ள இழுத்துக்க. காத்துல பறக்குது பாரு."

இழுத்துக்கொண்டேன்.

இறங்கி வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால், "நீங்க ஆருங்க? சமையலுக்கு வந்தவிங்களா?" என்கிறார். இரண்டு வருஷமாய் இதே கதைதான். அந்தப் பங்குனியில் வந்த விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவைத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தை மட்டும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. அவருக்கு இன்னும் முப்பத்தொன்றாம் வருஷம்தான் நடக்கிறது. அந்த வருஷத்து ஆட்கள் யாரும் வீட்டில் இல்லையே என்று தேடுகிறார்.

17-6-1943

யோசித்துப் பார்த்தேன். வண்டிக்குள் மட்டும் என்னை எப்படித் தெரிகிறது? அங்கே அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பாதையைப் பார்த்தபடியே பேசுகிறார். வீட்டில் நேருக்கு நேர் பார்க்கிறபோது நரைத்த தலையோடு யாரோ ஒருத்தி நிற்கிறாள். அவர் மேல் என்ன தப்பு? கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரிதான் இருக்கிறது.

20-6-1943, ஞாயிறு

வண்டி வந்த வருஷம்தான் இந்த மச்சு வீட்டையும் கட்டி முடித்தோம். சுண்ணாம்பு வாசனை போகாத வீட்டின் முன்னால் புது மோட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ஐந்தாவது சக்கரம் பின்னால் தொங்குகிறதே, அதற்கும் ஒன்று வைக்க வேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். வைத்து, உலக்கையால் இடித்து நசுக்கினார் இவர்.

வெள்ளிக்கிழமை தோறும் சேலம். வழியில் இரண்டு தடவை வண்டிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். மாட்டுக்குக் கூட ஒரு தடவை போதும் என்று நான் கேலி செய்வேன். கோபம் வந்து மல்லூர் வரை பேச மாட்டார். அப்புறம் அவரே, "பசிக்குதா?" என்பார். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு அந்தப் பாதைதான் ஊரும் உறவும். அந்த நாளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

23-6-1943

இன்று என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தார்ரோட்டுக்குப் போய்விட்டார். பெட்ரோல் டின் வாங்கப் போகிறாராம். வெறுங்காலோடு ஆண்டகளூர் கேட் வரைக்கும் நடந்திருக்கிறார். பட்டாளத்து லாரிகள் சாரைசாரையாய்ப் போகிற ரோடு. வண்டிக்காரச் சடையன் பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். பாதம் முழுக்கக் கொப்புளம். எண்ணெய் தடவும்போது, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார். மற்றப் பாதத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

24-6-1943

கொழுந்தனார் அப்புசாமி வந்து உட்கார்ந்தார். வண்டி கண்ணில் படுகிறவரைக்கும் அண்ணன் புத்தி திரும்பாது, இன்னொரு நாள் லாரியில் விழுந்தால் என்ன செய்வது என்றார். ராசிபுரத்தில் கரியில் ஓடுகிற பஸ் வைத்திருக்கிறவர் ஒருவர் இன்ஜினுக்காக வண்டியைக் கேட்கிறாராம். அப்புசாமி கெட்டவர் இல்லை. அண்ணன் எச்சில் தட்டை எடுக்கிற தம்பி. அதனால்தான் என்னால் கத்தவும் முடியவில்லை. நாளைக்குக் காலை கொட்டகைக்கு வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

25-6-1943

வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று, இவர் என்னை ஆறு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "வண்டி இருக்கட்டும் நங்கையா. ரோட்டுப் பக்கம் வேலி போட்டுக்கலாம்," என்றார். அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்.

அதோடு விட்டிருக்க வேண்டியதுதானே? நாளைக்கு அவர் பெண்சாதி சாலம்மாள் ஏதாவது சொல்லி மனசை மாற்றிவிட்டால்? பத்து நாள் கழித்து யாராவது குத்திக் காட்டினால்? எதற்கும் குலசாமியிடம் பூக் கேட்டுவிடலாம், அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது என்றேன். அப்புசாமி, "எதுக்குங்க, நான்தான் சொல்லிப்போட்டேனே," என்றார். நான் கேட்கவில்லை.

28-6-1943, திங்கள்

வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வண்டி இருக்கட்டும், சிவப்பு வந்தால் போகட்டும். இதையும் நான்தான் சொன்னேன். பூசாரி இரண்டையும் இலையில் சுற்றி, அம்மன் காலடியில் போட்டுக் கலைத்துவிட்டார். கேட்டவள் கையாலேயே எடுக்கட்டும் என்றார்.

எடுத்தேன். பிரித்தேன்.

சிவப்பு.

29-6-1943

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுப் படித்தேன். எனக்காகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் அப்புசாமி காலில் விழாத குறை. அவர் முகமே செத்துப்போயிருந்தது. "நான் இருக்கட்டும்னுதான சொன்னேன் நங்கையா? சாமி வாக்குக் குடுத்த பொறவு மீறினா, அண்ணனுக்கு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா நாம தாங்குவமா?"

தாங்க மாட்டோம். அதுதான் பயம். இன்னொரு தடவை பூக் கேட்கக்கூடாதா? கேட்டால் அம்மனை நம்பவில்லை என்றாகும். மனுஷர் என்றால் மன்றாடலாம். கல்லாய் உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன பேசுவது? பாவி, நானே போய்த் தலையைக் கொடுத்தேனே.

5-7-1943, திங்கள்

இன்று வண்டி போனது. ராசிபுரத்துக்காரர் பழைய சக்கரம் நான்கு கொண்டுவந்து மாட்டினார். முன்னால் இரண்டு ஜோடி மாடு பூட்டினார்கள். ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டுமே? யாரும் சொல்வதற்குள் இவர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். நானும் ஏறினேன். அப்புசாமி தடுக்கவில்லை, தார்ரோடு வரைக்கும் என்றார்.

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் வண்டி அசைகிறது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முன்னால் நான்கு மாடு நடக்கிறதே என்று கேட்கவே இல்லை. "ரோடு மோசமில்ல. வெயிலுக்கு முந்திப் போயிரலாம். தூக்கம் வந்தா சாஞ்சுக்க சௌந்திரம்," என்றார். ஊரே இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. ஐந்து பேர் பார்க்கப் புருஷன் பக்கத்தில் நின்று பழக்கமில்லாதவள் நான். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். வண்டிப்பாதை அவ்வளவு சின்னது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தார்ரோட்டு வேப்பமரம் வந்துவிட்டது. இறங்கச் சொன்னார்கள்.

12-7-1943

கோட்டைத் தேடவில்லை. கொட்டகைப் பக்கமும் போகவில்லை. அண்ணன் தேறிவருகிறார் என்று அப்புசாமிக்குச் சந்தோஷம். இருக்கட்டும், அவராவது நிம்மதியாய்த் தூங்கட்டும்.

19-7-1943

பதினாலு நாளாய் என் பேரை யாரும் சொல்லவில்லை. நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

3-8-1943, ஆடிப் பதினெட்டு

வெல்லம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. இருந்ததை வைத்துக் கொஞ்சம் கச்சாயம் சுட்டேன். தட்டில் நான்கு வைத்தேன். இரண்டைத் தின்றுவிட்டு மற்ற இரண்டையும் ஓரமாய் ஒதுக்கிவைத்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. இந்த ரெண்டையும் ஒரு எலையில கட்டிக் குடுப்பீங்களா? எங்கூட்டுக்காரிக்கு இதுன்னா உசுரு."

வாழையிலை நறுக்கி, நூல் சுற்றி, கட்டிக் கொடுத்தேன்.