தையல்காரனுக்குக் காகிதம் எதற்கு

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. கோழியை மையில் முக்கித் தாளில் ஓட விட்டார்களோ என்று நினைக்காதே, உன் அப்பாவின் கையெழுத்துதான், ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது, பொறுத்துக்கொள். நானும் உன் அம்மாவும் நலம், முழங்கால்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே.

கீழ்வீட்டுத் தையல்காரனை, நாம் ஊசி என்று கூப்பிடுவோமே, அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது, அன்றிலிருந்து அவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, கடை பூட்டியே கிடந்தது, சாப்பாடு வைத்தால் கொறித்துவிட்டுத் தள்ளிவிடுவான். இப்படியே விட்டால் அவள் பின்னாலேயே போய்விடுவான் என்று உன் அம்மா ஓயாமல் புலம்பினாள். அதனால் அவனை இழுத்துக்கொண்டு நூலகத்து மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போனேன். மனம் நொந்தவர்களைப் படம் வரைய வைத்துத் தேற்றும் டீச்சர் ஒருத்தி வருகிறாள், உன் வயதுதான் இருக்கும். அவரவர் துக்கத்தை வரையுங்கள் என்று தாளும் வர்ணமும் கொடுத்தாள். நாற்பது வருடம் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன் கையில் வர்ணம் கிடைத்தால் சும்மா இருக்குமா, ஓரம் விடாமல் சாம்பல் நிறத்தில் இரண்டு கோட்டிங் கொடுத்துக் காயவைத்தேன். டீச்சருக்கு முகமே வெளுத்துவிட்டது. என் தோளைத் தொட்டு, உள்ள இவ்வளவு இருட்டாய்யா, எத்தனை நாளா இப்படி என்று கேட்கிறாள். அது பிரைமர்மா, மேல் கலர் இன்னும் அடிக்கவே இல்ல என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஊசியைத் தவிர.

மூன்று வாரம் அவன் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தான், பிரஷைத் தொடவே இல்லை. நாலாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை, டீச்சரிடம் போனேன். நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தாள்ல மனசு வரும், அவன் கைக்குத் துணிதான்மா தெரியும், அதைக் கொடுத்துப் பாரேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. யார் கை எதுல பழகினதுன்னு நான் முதல்ல கேட்டிருக்கணும், என் தப்புதான்யா என்றாள். பட்டம் வாங்கிய பெண் என்னிடம் அப்படிச் சொன்னதில் அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தேன். கழுத்து சுளுக்கிக்கிச்சா என்று கேட்டாள் உன் அம்மா.

அடுத்த வாரம் பச்சைத் துணியும் கத்திரிக்கோலும் வந்தன. ஊசி துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். டேப் கேட்கவில்லை, சாக்பீஸால் கோடு போட்டான், வெட்டினான். பெண்கள் போடும் சட்டை. இடது தோள் மட்டும் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. உன் அப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா, டேய் கோணலா வெட்டுற பாரு என்று நீல வர்ணம் அப்பிய கையோடு சரிசெய்யப் போனேன். எடுடா கையை, களிமண்ணு, அவ தோளே அப்படித்தான்டா, யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டா, உன்னால இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு என்று கத்தினான். கத்திவிட்டு அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்து அழுதான். டீச்சர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை மகளே.

திரும்பி வரும்போது என் சட்டை, என் நடை, நான் அடித்த பெயின்ட் என்று ஒன்று விடாமல் திட்டிக்கொண்டே வந்தான். நான் வேண்டுமென்றே சுற்று வழியில் கூட்டி வந்தேன்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் அம்மா பேனாவை ஒளித்து வைக்காவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவேன்.

உன் அப்பா