ஞானத்தகப்பன் பெயர் எழுதாத படிவம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் இருமலைத் தவிர, அதுவும் இப்போது குறைந்துகொண்டுதான் வருகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறோம். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பணிமனையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மதியம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவும் அக்காவும் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருக்கிறார்கள்.

உன் மருமகன் உருண்டைக்கு இப்போது தலை நின்றுவிட்டது, யார் தூக்கினாலும் மூக்குக்கண்ணாடியைத்தான் முதலில் பிடுங்குகிறான். மாமாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நம் முன்னறையில்தான் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். எல்லாம் சரி, அக்காதான் சரியில்லை. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, எனக்குத் தகுதி இல்லை, வேறு ஆளைப் பார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாயாமே. தன் வீட்டுக்காரர் மேல் உனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து இரண்டு நாள் அழுதாள். மாப்பிள்ளையும் நான் என்ன தப்பு செய்தேன் என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார். நீ சொன்னதன் அர்த்தம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், பதறாதே.

பிரசங்கம் கேட்க நீ விட்டுப்போன டேப்லெட்டில் கொஞ்ச நாளாகப் பிரசங்கத்துக்குப் பக்கத்திலேயே அரைகுறை உடையில் பெண்கள் ஆடுகிற படமாக வரிசை கட்டி வந்தது. வீட்டில் சும்மா இருக்கிறவர் மாமா ஒருத்தர்தானே என்று அவரிடமிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி, நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தான், சத்தியமா நான் செஸ் தவிர ஒண்ணும் பாக்கலன்னு அவர் சொன்னதையும் நம்பவில்லை. கடைசியில் போன் கடைப் பெண்தான், ஒரே கணக்கு இதிலும் உன் போனிலுமாக இரண்டு இடத்தில் ஓடுகிறது, அங்கே பார்ப்பதற்குத் தகுந்த மாதிரி இங்கேயும் வரும் என்று விளக்கினாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மாமா கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. கணக்கையும் பிரித்து வாங்கிவிட்டேன், இனி உன்னை வேவு பார்க்கிற மாதிரி இருக்காது.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நீ பிறந்த வருடம் பணிமனையில் என் கருவி அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு ஆயில் கம்பெனி காலண்டர் மாட்டியிருந்தேன். மாதத்துக்கு ஒருத்தி, நீச்சல் உடையில். உடுப்பு இருக்கிறதே, இது கெட்ட படமா என்ன, வெறும் காலண்டர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீயும் அப்படித்தான் சொல்லிக்கொள்வாய். உன் ஞானஸ்நானத்தன்று உன்னைத் தூக்கிக்கொண்டு நின்று, இச்சைகளை விட்டுவிடுகிறாயா என்று போதகர் கேட்டதற்குக் கணீரென்று ஆம் என்றேன். மறுநாள் வேலைக்குப் போய் முதலில் திறந்தது அந்தக் கதவைத்தான். வருடம் முடிந்தும் இறக்க மனசில்லை. புது வருடத்திலும் அந்தப் பழைய காலண்டரைப் பார்த்தே வேலைச் சீட்டில் தேதி போட்டு, ஒரு பேருந்தை ஞாயிற்றுக்கிழமை சர்வீசுக்கு வரச் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் பூட்டிய கேட்டின் முன்னால் அரை மணி நேரம் ஹார்ன் அடித்திருக்கிறார். தேதி ஏன் தப்பினது என்று பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், நம் சபைக்காரன், கதவைத் திறந்தான். மானம் போயிற்று. அவன் பிரசங்கம் பண்ணவில்லை. இன்றைக்கு அப்படிப் படம் பார்த்தாயா என்று தினமும் மதியம் கேட்பேன், பொய் மட்டும் சொல்லாதே என்றான். ஒரு வருடம் கேட்டான். சில நாள் ஆமாம் என்றும் சொல்ல வேண்டியிருந்தது, அன்றைக்கு இரண்டு பேரும் பேருந்துக்கடியில் சர்வீஸ் பள்ளத்திலேயே நின்று ஜெபித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். எனக்கு வழி கிடைத்தது அப்படித்தான். தனியாகப் பல்லைக் கடித்தபோது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நீயும் அங்குள்ள சபையில் வாய் காக்கிற ஒருத்தரிடம் முகம் பார்த்துச் சொல். போனைக் கூடத்தில் சார்ஜ் போடு, படுக்கைக்குக் கொண்டுபோகாதே. படத்தில் இருக்கிறவளும் கர்த்தர் உண்டாக்கின பிள்ளை, யாரோ ஒருத்தர் வீட்டுப் பெண், அதை மறந்தால்தான் பார்க்க முடிகிறது.

இதை உனக்கு எழுதுவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உன் விஷயத்தை அல்ல, என் விஷயத்தை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “எனக்கு அப்பவே தெரியும். பணிமனைக்குச் சாவி வாங்க வந்தன்னைக்கு அந்தக் காலண்டரைப் பாத்தேன். பிள்ளை பெத்து உடம்பு பெருத்துப்போச்சு, அதான் உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றாள். இருபத்தாறு வருடம், மகனே. நான் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன், எலக்ட்ரீஷியனிடம் அழுதேன், எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நாளைக்கு உனக்கென்று வருகிறவள் இப்படி ஒரு நினைப்போடு துணி மடிக்கக் கூடாது.

ஞானஸ்நானப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். சுத்தமான பிறகுதான் நிற்பேன் என்றால் இந்தச் சபையில் நிற்க ஒரு ஆள் மிஞ்சாது, அப்படிப் பார்த்தால் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றதே தப்பு. ஒளித்துக்கொண்டு நிற்காதே, அவ்வளவுதான். யாரிடமாவது சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடு. மாதக் கடைசி ஞாயிறுக்குள் போதகர் கையில் சேர வேண்டும். உன் இடத்தில் வேறு பெயர் எழுத மாட்டேன், காலியாகவே விடுவேன் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். கர்த்தர் உன் கண்ணையும் மனதையும் காத்து, உன்னை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்மேல் கோபமே இல்லாத,
அப்பா.