தண்ணீர் இனித்த நாட்கள்

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நீ நேற்றுக் காலை நடைபாதையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாய் என்று எங்கள் மருந்துக்கடைக்கு இருமல் டானிக் வாங்க வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் உன் உண்ணாவிரதம் கெட்டுவிடுமா?

என்னால் அங்கே வர முடியாது. குவாரி எடைமேடையில் என் வீட்டுக்காரர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் எந்த லாரியும் வெளியே போகும் என்பது உனக்குத் தெரியும். "உங்க அக்கா நிறுத்தச் சொல்றது லாரிய இல்ல, என் சோத்த. அந்தப் பக்கம் உன் தலை தெரிஞ்சுது, திரும்பி இங்க வராத" என்று சொல்லிவிட்டார். என் போனையும் தினம் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் இந்தக் காகிதம். படித்ததும் கிழித்துவிடு.

பேப்பர்காரர் காலையில் உன் பக்கம்தான் போகிறார். அவரிடம் அம்மாவின் பழைய கூஜாவில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். டாக்டர் சொன்னபடி ஒரு சிட்டிகை உப்பு போட்டிருக்கிறேன். வேறொன்றும் இல்லை. தைரியமாகக் குடி.

ஐம்பத்து நாலு வயசு உனக்கு. காலை டீ பத்து நிமிஷம் தாமதமானால் தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்குகிறவள் நீ. மூன்று நாள் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடு அக்கா. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உன்
வாலு


ஜூலை 5

அன்புத் தங்கச்சி வாலுவுக்கு,

காகிதமும் கூஜாவும் தினமும் வந்து சேருகின்றன. கடைசியில் எனக்கும் கூஜா தூக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று பேப்பர்காரரிடம் சொன்னேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பாயைச் சுருட்டிவிடுவேன்.

ஆணையர் அலுவலகத்துக்கு நேர் எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கிறேன். மேலே ஒரு நீலத் தார்ப்பாய். காலையில் வரும் போலீஸ்காரர், "ஆயா, நடக்கிறவங்களுக்கு வழி வேணும், ஒரு அடி அந்தப் பக்கம் போங்க" என்கிறார். மத்தியானம் ஷிப்டு மாறி வருகிறவர் அதே ஒரு அடியை இந்தப் பக்கம் வரச் சொல்கிறார். உட்கார்ந்தபடியே ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்திலும் விடுகிற நேரத்திலும் அந்தத் தெருவில் குவாரி லாரி வரக்கூடாது. சுற்றுப்பாதை இருக்கிறது. ஆறு கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான்.

எழுந்து வா என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பிள்ளைகள் லாரியில் அடிபட்டுப் போன அன்றைக்கு நடந்ததை உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷமாகப் பள்ளி வாசலில் சிவப்புத் துணியைத் தூக்கி "நில்லு!" என்று கத்தி, பிள்ளைகளை ரோட்டைத் தாண்டவிடுவது என் வேலை. பிள்ளைகள் எனக்கு நில்லு ஆயா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்றும் துணியைத் தூக்கினேன். லாரி நிற்கவில்லை. நான் பின்னால் குதித்துவிட்டேன் வாலு. யோசித்துக் குதிக்கவில்லை, கால் தானாகக் குதித்தது. அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் லாரியைப் பார்க்கவேயில்லை. என் துணியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். துணி மேலே இருந்தால் பயப்படாமல் நடக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

இங்கே பத்துப் பேர் தண்ணீர் நீட்டுகிறார்கள். யாரிடமும் வாங்குவதில்லை. எதையாவது கலந்துவிட்டு, கிழவி திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று கதை கட்டிவிடுவார்கள். உன் கூஜா ஒன்றுதான் எனக்கு நம்பிக்கை.

ஒரு ஆச்சரியம் கேள். உன் தண்ணீர் லேசாக இனிக்கிறது. உப்பு போட்ட தண்ணீர் இனிக்குமா? இனிக்கிறது. பட்டினி கிடந்தால் நாக்குக்கு இப்படி ஒரு வரம் கிடைக்கும் போலிருக்கிறது.

உன்
அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ குதித்ததைப் படித்துவிட்டுக் கடையில் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, முதலாளி பார்த்துத் திருப்பி வாங்கினார். யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள் அக்கா. குதித்திருக்காவிட்டால் மூன்று பேர். அதனால் யாருக்கு என்ன லாபம்?

இனிப்பைப் பற்றியெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. பேசினால் களைப்பு வரும். பேசாமல் படுத்துக்கொள்.

இங்கே அவர் ஒன்றும் நடக்காதது போல்தான் வேலைக்குப் போய் வருகிறார். ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது, "எட்டு நாளா ஒண்ணும் திங்காமலா ஒரு பொம்பள மைக்ல பேசுது?" என்று என் முகத்தையே பார்த்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அங்கே பட்டினி, நான் இங்கே தட்டுக்கு முன்னால் பட்டினி.

உன்
வாலு


ஜூலை 11

அன்புத் தங்கச்சிக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் தேதி பேச வருவதாக ஆணையர் ஆள் அனுப்பியிருக்கிறார்!

நேற்று ஊர்வலம் நடந்தது. நீ பார்த்திருக்க வேண்டும். முந்நூறு பெற்றோர் இருக்கும். ஒரு கோஷம் இல்லை, ஒரு கொடி இல்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பேசாமல் நடந்தார்கள். தடியான ஒரு கொத்தனார், முதுகில் முயல் படம் போட்ட பை. யாரும் சிரிக்கவில்லை. போலீஸ்காரர்கள் தாங்களாகவே பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார்கள்.

நான் ராத்திரியில் தின்கிறேன் என்று குவாரிக்காரர்கள் பேசுகிறார்களாம். "வந்து என் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்கோங்க, எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்று மைக்கிலேயே சொன்னேன். கைதட்டல் அடங்க நேரமானது. டாக்டரும் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "உங்க உடம்பு இரும்பும்மா" என்கிறார்.

ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து, பசி எப்படி இருக்கிறது என்று கேட்டது. நீ வேண்டாம் என்றாய், எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கேக்கிறது நியாயமா இருந்தா வெறும் தண்ணியே இனிக்கும்மா" என்றேன். ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பெரிய எழுத்தில் போஸ்டராக அடித்துவிட்டார். கீழே என் படம். பல் தெரிகிறது, நன்றாகவே இல்லை.

உன்
நில்லு ஆயா


ஜூலை 13

அக்கா,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இருந்தால் போகச் சொல்.

தண்ணீரில் குளுக்கோஸ் கலந்தது நான். முதல் கூஜாவிலிருந்தே கலக்கிறேன். முதலில் இரண்டு கரண்டி. நாலு நாள் கழித்து நாலு. இப்போது எட்டு. உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் இனிப்புத் தெரியாது என்று நினைத்தேன். உன்னைச் சாகவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் போஸ்டரை எங்கள் கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று, போன பிள்ளைகளில் சின்னவளுடைய அம்மா கடைக்கு வந்தாள். தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்டாள். சாப்பிட்டாயா என்றேன். "நானும் மூணு நாளா வெறும் தண்ணிதாங்க குடிச்சுப் பாத்தேன். எனக்கு இனிக்கவே இல்ல. என் மனசுல ஏதோ சுத்தம் பத்தல போல. அதான் ஆண்டவன் என் பிள்ளைய எடுத்துக்கிட்டான்" என்றாள்.

நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதினைந்து வரைக்கும் வெளியே மூச்சுவிடாதே. இரண்டே நாள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வாலு


ஜூலை 14

வாலு,

இன்று காலை மைக்கில் சொல்லிவிட்டேன்.

உன் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வந்த தண்ணீரில் குளுக்கோஸ் இருந்தது, எனக்குத் தெரியாது, தெரியாததும் என் தப்புதான் என்றேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். "இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா? இத்தனை பேர் உழைப்ப மண்ணாக்கிட்டீங்களே!" என்று கத்தினார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஆணையர் பேச வரமாட்டாராம். அதற்குள் சேதி போய்விட்டது.

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பதின்மூன்று நாள் என்னை ஊர் முன்னால் பொய் சொல்லவைத்துவிட்டாய். அந்தத் தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளவைத்துவிட்டாய். நான் பட்டினி கிடக்கவே இல்லையடி, உன் வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

நான் தூக்கின துணியை நம்பி இரண்டு பிள்ளைகள் நடந்தார்கள். இப்போது நான் சொன்ன வார்த்தையை நம்பி முந்நூறு பேர் நடந்தார்கள். தூக்கிப் பிடித்துவிட்டுப் பின்னால் குதிப்பது இன்னொரு தடவை என்னால் ஆகாது.

இன்று முதல் நாள். போர்டில் 13ஐ அழித்து 1 என்று நானே எழுதினேன். கூஜாவைத் திருப்பி அனுப்புகிறேன். இனி அனுப்பாதே.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாளாகக் கூஜா போன கனத்தோடு அப்படியே திரும்பி வருகிறது. பேப்பர்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போகிறார். இதில் வெறும் தண்ணீர்தான் அக்கா, உப்புகூட இல்லை. பேப்பர்காரரைக் குடித்துப் பார்க்கச் சொல். நான் சொன்னால்தான் நம்பமாட்டாய்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அலமாரியில் காலி டப்பாக்களைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம வீட்டு குளுக்கோஸா?" என்று கேட்டுக் குவாரி முழுக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது லாரிகளின் முன்கண்ணாடியில் குளுக்கோஸ் டப்பாவை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதைக் காட்டி ஹாரன் அடித்துக்கொண்டு பள்ளித் தெருவில் போகிறார்கள்.

சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஆணையர் கையெழுத்துப் போட்டிருப்பார். நீயும் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பாய். சொன்னதுதான் நான் செய்த தப்பு என்று சில நேரம் தோன்றுகிறது. கலந்ததுதான் தப்பு என்று சில நேரம். இரண்டுமே உனக்காகத்தான் செய்தேன்.

ஒரு வரி பதில் போடு.

வாலு


ஜூலை 22

வாலுவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். பொறுத்துக்கொள்.

கோபம் போய்விட்டது. கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது. ஒன்பது நாளாகத் தெருக்குழாய்த் தண்ணீர். பித்தளை மாதிரி இருக்கிறது, குடித்தால் குமட்டுகிறது. உண்மையான பசி எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பத்திரிகைக்காரப் பெண் இப்போது வந்து கேட்டால் சரியாகப் பதில் சொல்லுவேன். அவள் வரவில்லை. யாரும் வருவதில்லை. பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.

சின்னவளுடைய அம்மா தினமும் வருகிறாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். யார் கலந்தது என்று கேட்டாள். அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

என்னைக் கொன்றுவிட்டதாக நாளைக்கு நீ நினைக்கக் கூடாது. நான் உட்கார்ந்தது உன்னைக் கேட்டா? ஆனால் தண்ணீர் கொடுத்தனுப்புவதற்குப் பதில் நீ ஒரே ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மடித்துப் பேப்பர்காரரிடம் நீட்டினேன். பழக்க தோஷம். அவர் வாங்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இருபத்து நாலாம் தேதி நீ சாய்ந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். உன் கை என் கைக்குள்தான் இருந்தது. நீ கண்ணைத் திறக்கவில்லை. நான்தான் என்று உனக்குத் தெரிந்ததா என்று யாரிடம் கேட்பேன்?

படித்ததும் கிழி என்றேன். நீ கிழிக்கவில்லை. உன் பாய்க்கடியில் எல்லாக் காகிதமும் இருந்தது, தேதி வாரியாக. மேலே உன் சிவப்புத் துணி.

தெருவில் ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. லாரி அதில் ஏறி இறங்கும்போது ஜல்லி சிதறுகிறது. அவர் எடைமேடையில்தான் இருக்கிறார். நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை.

இருபத்தேழாம் தேதி காலையில் உன் பாயில் உட்கார்ந்தேன். முதலில் சின்னவளுடைய அம்மாவிடம் போய், "அதைக் கலந்தது நான்தான்" என்றேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பாயில் இடம் விட்டாளா, என்னைவிட்டுத் தள்ளிப் போனாளா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. பழைய போஸ்டரை நானே கிழித்தேன். ஓரங்கள் வரவில்லை, நகத்தால் சுரண்டினேன். போர்டில் இன்று 4 என்று எழுதியிருக்கிறேன்.

நீ குடித்த அதே குழாய்த் தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன். நான்கு நாளாக ஒவ்வொரு மடக்கையும் நாக்கில் நிறுத்தி வைத்துப் பார்க்கிறேன்.

இனிக்கவில்லை அக்கா.

உன்
வாலு