விளக்குச் சப்பாத்து முந்நூறு சோடி

இன்று காலை மொன்றியலில், வில்லரேயில் இருக்கும் என் கடைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். ஏப்ரல் முடியப்போகிறது, வாசலில் இன்னும் பனிச்சேறு. அந்தச் சின்னது மிதியடியில் காலை அடித்து உதற, சப்பாத்தின் குதி சிவப்பாக மினுங்கியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் இன்னொரு தரம் அடித்துக் காட்டியது.

"அங்கிள், இந்த விளக்குச் சப்பாத்து உங்களிட்ட இருக்கோ? இவளின்ர தம்பிக்கும் வேணுமாம்" என்றாள் தாய்.

"இல்லைப் பிள்ளை. நான் அதை விக்கிறேல்லை."

விற்கப் பார்த்தவன்தான். விலைப்படாமல் போனபோது உனக்கு அனுப்பியவன்.

மச்சான், நீ போய் இரண்டு வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பிறகு நான் இங்கே மொத்த வியாபாரம், நீ வவுனியாவில் லொறி. திரும்பவும் சண்டை மூண்ட பிறகு, நாங்கள் இங்கே சேர்த்த பால்மாவையும் உடுப்பையும் கொழும்பில் பொறுப்பெடுத்து வன்னிக்குள் கொண்டுபோனவன் நீ. உதவிக்குக்கூட ஒருவனை ஏற்றமாட்டாய். "என்ர உயிருக்கு நான் பொறுப்பு. இன்னொருத்தன்ர மனுசிக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்பாய். முன்னும் பின்னும் போகிற மற்ற லொறிகள்தான் உனக்குத் துணை.

உனக்கென்று ஒரு முறை இருந்தது. சோதனைச் சாவடியில் அவர்கள் கேட்கும் முன்பே பின்கதவைத் திறந்துவிட்டுப் பட்டியலை நீட்டுவாய். அதில் இல்லாத ஒரு ஊசிகூட லொறியில் இருக்காது. எனக்கு நீ ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒன்றே ஒன்று. "பற்றறி மட்டும் வேண்டாமடா. குண்டு செய்ய உதவுமெண்டு உள்ளுக்க விடமாட்டாங்கள்."

எனக்கும் ஒரு முறை உண்டு. கொள்கலனில் வெற்றிடம் விடமாட்டேன். கடைசியாக அனுப்பியதில் பின்பக்கம் கொஞ்ச இடம் மிஞ்சியது. என் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் இந்த விளக்குச் சப்பாத்துகள் ஒரு வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. தானம் என்று அனுப்பினால் இடமும் ஒழியும், நல்ல பெயரும் வரும். அப்படித்தான் யோசித்தேன், உனக்கு ஏன் ஒளிக்க வேண்டும்?

பெட்டி கட்டும்போது என் மனைவி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "ஏனப்பா, இதுக்குள்ள பற்றறி எல்லோ இருக்கு?"

"பொத்தான் அளவுதானே. ஆர் பாக்கப்போறான்? நீர் பேசாமல் பெட்டியை ஒட்டும்."

பட்டியலில் 'சிறுவர் சப்பாத்து, முந்நூறு சோடி' என்று எழுதினேன்.

நீ தொலைபேசி எடுத்தபோது நான் அப்போதுதான் கடை திறந்திருந்தேன். உனக்கு அங்கே பொழுது படுகிற நேரம். சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாய்.

"டேய், ஆமிக்காரன் ஒரு சப்பாத்தை எடுத்து நிலத்தில தட்டினான். அது மினுங்கினவுடன ஆள் ரெண்டடி பின்னுக்குப் பாஞ்சிட்டான். நான் சிரிச்சிட்டன். அதுக்கு வாங்கின பேச்சிருக்கே!" பிறகு உன் குரல் மாறியது. "ஒவ்வொண்டாக் கழட்டு, இல்லாட்டிப் பெட்டியளை இறக்கிப்போட்டுப் போ எண்டுறாங்கள். மற்ற லொறியள் விடிய வெளிக்கிடுதுகள். உண்மையைச் சொல்லு, இதுக்குள்ள பற்றறி இருக்கெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது மச்சான்" என்றேன். நாக்கு ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

"அப்ப சரி. தெரிஞ்சு அனுப்பினதெண்டா எல்லாத்தையும் இங்கயே எறிஞ்சுபோட்டு மற்ற லொறியளோட போயிருப்பன். நீ பாவம், நல்ல மனசோட அனுப்பியிருக்கிறாய். இருந்து கழட்டுறன். வெறுங்காலோட நிக்கிற பிள்ளையளடா."

"வரிசையை விட்டிட்டுத் தனிய எப்பிடிப் போவாய்?"

"என்ன, ரோட்டு ஓடிப்போயிடுமோ? ஒருநாள் பிந்திப் போறன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடைக்குள் ஆள் வந்துவிட்டது. "கவனமாப் போ" என்று வைத்துவிட்டேன்.

மற்ற லொறிகள் போய்ச்சேர்ந்தன. நீ மறுநாள் முழுவதும் கத்தியும் கையுமாக இருந்து அறுநூறு குதிகளையும் கிண்டி, அதற்கடுத்த நாள் தனியே புறப்பட்டாய். பாதி வழியில் எறிகணை. லொறி முழுக்க எரிந்துபோனது. சப்பாத்துகளும் ஒரு பிள்ளையிடமும் போகவில்லை.

செய்தி சொன்ன உன் மனைவி அழுகைக்கிடையில் ஒன்று சொன்னாள்: "வெளிக்கிடேக்க போனில சொன்னவர் அண்ணை, சப்பாத்தைப் பற்றி உங்களோட கதைக்க வேண்டாமெண்டு. தெரியாமல் நடந்ததுக்கு நீங்கள் மனம் நோவீங்களாம்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.

இந்தத் தொழிலில் சொன்ன பொய்கள் எத்தனையோ. பழைய சரக்கைப் புதிது என்றிருக்கிறேன், நட்டத்துக்கு விற்கிறேன் என்றிருக்கிறேன். ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. 'தெரியாது' என்ற இந்த ஒரு சொல் மட்டும் நிற்கிறது. பொங்கலுக்கும் நத்தாருக்கும் தவறாமல் உன் மனைவி தொலைபேசி எடுப்பாள். "நீங்கள் சுகமோ அண்ணை?" என்பாள். சொல்லிவிடலாம் என்று தொடங்குவேன். பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

உனக்கு அனுப்பும் முன்பே மாதிரிக்கென்று ஒரு சோடியை எடுத்து வைத்திருந்தேன். அது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. லாச்சியை அடித்துச் சாத்தினால் உள்ளே சிவப்பாக மினுங்கும், இடுக்கால் தெரியும். எறிய மனம் வரவில்லை, பற்றறியைக் கழற்றவும் கை போகவில்லை. மெதுவாகத்தான் சாத்துகிறேன்.