ஷெனாலியை வவுனியாவில் காட்டின விபரம்

முல்லைத்தீவு
15.06.2024

அன்பு மகள் கம்சாவுக்கு,

நீயும் மருமகன் நிலந்தவும் இத்தாலியில் வேலையோடும் சுகத்தோடும் இருக்க மாதாவை மன்றாடுறன். இங்கே நானும் அம்மாவும் சுகம், உன்ரை பிள்ளை ஷெனாலிக்கும் காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை. ஆனால் வியாழக்கிழமை அவளை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பேச்சும் வாசிப்பும் பார்க்கிற மிஸ்ஸிடம் காட்டினனான். பிள்ளைக்கு வாசிப்பில் குறைபாடு இருக்குதாம். அது இரண்டு பாஷை கதைச்சதால் வந்ததில்லையாம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவன், அதுதான் எழுதுறன்.

நீங்கள் அவளை எங்களிடம் விட்டுப்போன வருசம், அவள் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது, பத்மாசனி ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு எழுத்து ஏறுதில்லை, தகப்பனோட சிங்களம் இங்கே தமிழ் என்று குழம்பிப் போச்சு, ஒன்றை விடுங்கோ என்று சொன்னவா. ரீச்சரைக் குறை சொல்லேலாது, நாற்பது பிள்ளையோட நிற்கிற மனிசி. எனக்கும் அது உடனே சரியாகப் பட்டது. நெத்தலிக் கருவாட்டுக்குள் மலிவான சூடைக் கருவாடு கலந்தால் முழுச் சாக்கும் சூடை விலைக்குத்தான் போகும், முப்பது வருசமாக நான் கண்ட வியாபாரம் அது. பிள்ளையின் தலையையும் அப்படித் தரம் பிரிக்கப் பார்த்தன். இந்த வீட்டில் சிங்களத்தில் ஒரு சொல் வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிப்போட்டு, நான் கடையில் இருந்து குருநாகல் முதலாளிமாரோட நாள் முழுக்கச் சிங்களத்தில் விலை பேசினன். முந்தி என்ரை சிங்களத்தைக் கேட்டுச் சிரித்துத் திருத்துறவள், பிறகு சிரிக்கிறதையும் விட்டிட்டாள்.

உனக்கு இதில் பாதிதான் தெரியும். மருமகன் போன் எடுக்கும்போது பிள்ளை நித்திரை, ரியூசனுக்குப் போயிட்டாள் என்று நான் சொன்னதெல்லாம் பொய், மகள். போனைக் குடுத்த நாட்களிலும் பக்கத்தில் நின்றனான். அவருக்குத் தமிழ் ‘சாப்பிட்டியா’, ‘படிச்சியா’வுக்கு மேலே ஓடாது. கிட்டத்தட்ட இரண்டு வருசம் தகப்பனும் மகளும் அந்த இரண்டு சொல்லோடதான் இருந்தவை.

அப்படியும் தமிழ் எழுத்து வரவில்லை. வந்த மாதிரி இருந்தது, பாடத்தைக் கடகடவென்று சொல்லுவாள், நானும் பெருமைப்பட்டன். போன மாசம் ஒரு நாள் காற்றுக்குத் தாள் பிரண்டு போச்சு, அவள் நண்டுப் படம் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே மழைப் பாடத்தைக் கடைசி மட்டும் சொல்லி முடித்தாள். மற்றப் பிள்ளைகள் வாசிக்கிறதைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருக்கிறாள். சாக்கில் கட்டியிருக்கிற முடிச்சைப் பார்த்தே எந்த மீன்வாடிச் சரக்கு என்று சொல்லுறவன் நான், கதிரையில் பக்கத்தில் இருந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கவில்லை.

நிறஞ்சனா மிஸ்ஸுக்கு உன்ரை வயதுதான் இருக்கும். முதல் தமிழில் படங்களைக் காட்டிக் கேட்டவா. பிறகு சிங்கள நேர்ஸ் ஒருத்தியைக் கூப்பிட்டு, இரண்டு பாஷைப் பிள்ளையை ஒன்றில் மட்டும் சோதித்தால் பாதிதான் தெரியும் ஐயா, மற்றதையும் கேட்கவேணும் என்றவா. பிள்ளை வாய் திறக்கவில்லை, என்ரை முகத்தைத்தான் பார்த்தாள். கதை அம்மா என்று நானே சொல்லியும் கதைக்கவில்லை. மிஸ் என்னை வெளியே போய் இருக்கச் சொன்னவா. வெளியில் போட்டிருந்த மர வாங்கில் இருந்தனான், கதவு சரியாகச் சாத்துப்படாத கதவு. கனநேரத்துக்குப் பிறகு அவளின் குரல் கேட்டுது, சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கிச்சுது.

“நான் கிணத்தடியில ஒளிச்சு நிண்டு சிங்களம் கதைக்கிறனான். அதாலதான் எனக்கு எழுத்து வருதில்லை. அம்மப்பாவிட்டைச் சொல்லாதேங்கோ.”

மிஸ் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனன்.

மிஸ் பிறகு எனக்கு விளக்கினவா. சத்தத்தைப் பிரித்து எழுத்தோட பொருத்துறதுதான் அவளுக்குக் கஷ்டம், அது இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி இருக்காம், தமிழ் மட்டும் கதைச்சு வளர்ந்திருந்தாலும் இருந்திருக்கும். மூளை கெட்டிக்கார மூளை, இரண்டாம் ஆண்டிலேயே கொண்டு வந்திருக்கலாம் என்றவா. ஆனால் கரண்டி, தலையணை மாதிரிச் சின்னச் சாமான்களின் சிங்களப் பேரே அவளுக்கு மறந்துபோச்சு. அது குறைபாடில்லை, கதைக்க விடாததால் போனது, அதையும் இதையும் பிரித்துப் பார்க்கத்தான் இன்னும் சில தரம் இருந்து சோதிக்கவேணுமாம். மருமகனின் போனில் அவள் சின்னனில் தகப்பனோட கதைச்ச வீடியோ இருந்தால் எல்லாவற்றையும் அனுப்பு, மிஸ் கேட்டவா.

அம்மா என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லம். நீ அவசரப்பட்டு வேலையை விட்டுப்போட்டு வராதே, பிள்ளையை அழவைக்கிற மாதிரி ஒன்றும் கேட்காதே. மருமகனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு. சிங்களம் எனக்குக் கதைக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது, இல்லாவிட்டால் அவருக்கென்று ஒரு தாள் வேறாக எழுதியிருப்பன். ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் காக்கட்டும்.

மறக்காமல் கேள், பேசி முடித்தது இதுதான். மாசத்தில் இரண்டு வியாழன் கடையைப் பூட்டிப்போட்டு நான் அவளை வவுனியாவுக்குக் கொண்டுபோவன். வகுப்பில் அவளை எழுப்பி வாசிக்க விடுறதில்லை என்று ரீச்சர் ஒத்துக்கொண்டவா. தகப்பன் ஒவ்வொரு நாளும் இங்கத்தை நேரம் பின்னேரம் ஆறு மணிக்குப் போன் எடுத்து அரை மணித்தியாலம் சிங்களத்தில் கதைக்கவேணும். பிள்ளையும் பஸ்ஸுக்குள் ஒரு நிபந்தனை போட்டவள், தகப்பன் எடுக்கிற நேரம் நான் வீட்டில் இருக்கக்கூடாதாம். ஓம் என்று சொல்லிப்போட்டன்.

இப்படிக்கு,
அப்பா
அந்தோனிமுத்து