தேள் கடிக்கு நான் மந்திரித்தது

வல்லத்திராக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுடர்விழிக்கு,

நானும் அம்மாவும் சுகம்தான் ஆத்தா, நீ சுகமா என்று கேட்பதற்கே இப்போது பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன், கால் வீக்கம் முழுக்க வற்றிவிட்டதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா. தினம் போனில் பேசுகிற அப்பா எதற்கு ராஜஸ்தானுக்குக் கடிதம் போடுகிறார் என்று சிரிப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ விடுங்கப்பா என்று மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடலை பிடுங்கி முடிந்தது, காய் பரவாயில்லை. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மாதான் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சோற்றைப் போட்டுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். ஒங்க மந்திரத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க, எம்புள்ளயக் கொல்லப் பாத்தீங்களே என்று ஒருநாள் கேட்டாள்.

அன்றைக்குக் காலையில் நீ போன் செய்து, ஷூவுக்குள் காலை விட்டதும் தேள் கொட்டிவிட்டது அப்பா, சிவப்பாகச் சின்னதாகத்தான் இருக்கிறது என்றாய். எங்கள் அய்யாவிடம் கற்றுக்கொண்டு நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தேள் கடிக்கு மந்திரிக்கிறவன் நான். கடிபட்டவரால் வர முடியாவிட்டால் சொல்ல வந்தவரை நிறுத்தி மந்திரித்தாலே போதும் என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தைப் போனுக்கும் நீட்டிவிட்டேன். போனைக் கட்டிலில் வைத்து, வேப்பங்குழையால் ஏழு தடவை அதன்மேல் தடவி இறக்கி, எறங்கிரும் ஆத்தா, அசையாம உக்காரு என்று சொன்னேன். நீயும் உட்கார்ந்துவிட்டாய். வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்ட பிறகும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற வைஷ்ணவியிடம், அப்பா பாத்துட்டாங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிரும் என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். உன் அறையில் தங்கியிருக்கும் அந்தத் திருச்சிப் பிள்ளை உன் பேச்சைக் கேட்காமல் கம்பெனி ஜீப்பில் உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாளே, அவள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று அங்கே டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். என்ஜினீயரிங் படித்த பிள்ளை, சோலார் பிளாண்டில் இத்தனை பேரை வேலை வாங்குகிற பிள்ளை, மந்திரத்தையா நம்பினாய்? என்னையல்லவா நம்பினாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை தாயே.

மனசு கேட்காமல் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை, நிதானமாக விளக்கினார். நம் பக்கம் கல்லுக்கடியில் கிடக்கிற பெரிய கருந்தேள் கொட்டினால் வலி உயிர் போகும், ஆனால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடுமாம். சின்னதாகச் சிவப்பாக இருக்கிறதே, அதுதான் நெஞ்சைப் பிடிக்கிற தேளாம். ஆக நாற்பது வருஷமாக நான் இறக்கினேன் என்று நினைத்ததெல்லாம் தானாக இறங்கியது. அடேயப்பா, எத்தனை பேர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்! வருகிற வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுக்கொள். செருப்பை வாசலிலே கழற்றிப் போடு என்று சின்ன வயதிலிருந்து உன்னை அதட்டி வளர்த்தவனும் நான்தான், அந்தப் பழக்கத்தில்தானே ஷூவை ராத்திரி முழுக்க வெளியே மணலில் விட்டிருக்கிறாய். அங்கே அது வேண்டாம், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது, உள்ளே கொண்டுவந்து உயரத்தில் வை, காலையில் நன்றாகத் தட்டிவிட்டு மாட்டு. கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடு, போர்வை தரையில் தொங்கக் கூடாது. பேனலுக்கு அடியில் வயர், பெட்டி எதையும் உறை போடாத கையால் தூக்காதே. நீலமாக வெளிச்சம் அடிக்கிற ஒரு டார்ச் உண்டாம், அதில் தேள் பச்சையாக மின்னுமாம், வைஷ்ணவி சொன்னாள், ஒன்று வாங்கிக்கொள். நீ போட்டோ அனுப்பினாயே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலைவனச் சிலந்தி, அதைப் பார்த்து அம்மா இரண்டு நாள் போனையே தொடவில்லை. அதற்கு விஷம் கிடையாதாம், ஆனால் கடித்தால் புண்ணாகுமாம். அது துரத்துகிறது என்று பயந்து ஓடாதே, உன் நிழலுக்குள் ஒதுங்கத்தான் அது ஓடி வருகிறது, நீ விலகி நின்றால் போதும்.

நேற்றுக் கடலைக்கொடி அள்ளும்போது பக்கத்து வீட்டுச் செவந்திக்குக் கையில் தேள் கொட்டிவிட்டது. நீங்க ஒரு தடவ தடவிவிட்டாப் போதும் மாமா என்று அழுதாள். நேரே வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். உன்னிடம் மறைக்க மாட்டேன், வண்டி ஓட்டும்போது என் வாய் பாட்டுக்கு மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தது. அந்த வாயை நம்பாதே ஆத்தா. என்றைக்காவது நான் பதறிப்போய் மறுபடியும் எறங்கிரும், அசையாம உக்காரு என்று சொன்னாலும் கேட்காதே. அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஊரில் உன்னைத்தான் காட்டுவார்கள், இந்த ஒன்றில் மட்டும் தட்டிவிடு.

குலசாமி உனக்குத் துணையாக நிற்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, எது கடித்தாலும் முதலில் ஆஸ்பத்திரி, மருந்து உள்ளே போன பிறகு எனக்குப் போன் செய். எத்தனை மணி நேரமானாலும் காத்திருப்பேன்.

உன்னைப் பெற்ற
அய்யாக்கண்ணு