தவிட்டுக் கிண்ணம்

உள்ளதை உள்ளபடி சொல்பவளுக்கு,

உன் அக்காவின் முழங்கால் வலி தேவலையா? அவருக்குத் துணையாகத்தான் நீ போயிருக்கிறாய் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

தவிட்டையும் கிழங்கு மாவையும் அச்சில் அழுத்திச் சுட்ட, தின்னக்கூடிய கிண்ணம் ஒருவழியாகத் தேறிவிட்டது. கொதிக்கக் கொதிக்க சூப் ஊற்றினாலும் முக்கால் மணி நேரம் ஒழுகுவதில்லை. நேற்று ஓர் உணவுக் கம்பெனியிலிருந்து ஆறு பேர் வந்து அதில் சூப் குடித்தார்கள். "பிரமாதம் சார்" என்றார்கள். பிறகு ஆறு பேரும் கிண்ணத்தை மரியாதையாகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட ஓரத்தைக் கடித்துப் பார்க்கவில்லை.

என் ஆட்களும் மாதக்கணக்கில் ருசி பார்த்து, "நல்லாத்தான் சார் இருக்கு" என்கிறார்கள். முதலாளியிடம் வேறென்ன சொல்வார்கள்? நீ ஒருத்திதான் ஒரு வாய் கடித்துவிட்டு, "இதை மாடுகூடத் திங்காதுங்க" என்றாய். அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை வரவில்லை.

எல்லோரும் போனபின் புதிதாக ஒன்றை எடுத்து முழுதாகத் தின்று பார்த்தேன். மாட்டைக் குறை சொல்வதற்கில்லை.

இன்று காலை வறுத்த எள்ளும் உப்பும் சேர்த்துச் சுட்டதில் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். வழியில் நமத்துவிடும் என்று பிளாஸ்டிக் பையில்தான் சுற்ற வேண்டியிருந்தது. சிரித்துக்கொள். உப்பு சரியா என்று தெரியவில்லை, தின்று தின்று என் நாக்கு மரத்துவிட்டது.

நன்றாக இருந்தால் இரண்டு வரி எழுது. இல்லையென்றால் எழுதாதே. நேரில் வந்து சொல்.

நீ வைத்த பெயரிலேயே,
தவிட்டுக்காரன்